சுவர் கிடைக்காத கல்வெட்டு

அடுத்தவங்க வீட்டுச் சாவியை நீங்க எப்பவாவது பொறுப்பா வாங்கி வச்சிருக்கீங்களா? வச்சிருந்தா நீங்களும் என் கட்சிதான். சாவி தொலைஞ்சா திட்டுவாங்க. தொலையாம இருந்தா, ஏன் இவ இவ்வளவு பத்திரமா வச்சிருக்கான்னு பார்ப்பாங்க.

காரைக்கால் பக்கத்துல எங்க ஊர் நெரவியில, வெளிநாடு போனவங்களோட பூட்டின வீடுங்க நிறைய. அதுல ஒண்ணைக் கூட்டிப் பெருக்கி, மோட்டார் போட்டு, விளக்கேத்திப் பார்த்துக்கிறதுதான் என் வேலை. வீட்டுக்காரர் ராஜமாணிக்கம் ஐயா பாரிஸ்ல இருக்கார். ஊர்ல அவருக்குப் பேரே பாரிஸ் ஐயா. கொல்லைப்பக்கத்து ஓட்டு அறையில நான், என் வீட்டுக்காரர், மகள் யாழினி மூணு பேரும் வாடகை இல்லாம இருக்கோம். யாழினி பள்ளிக்கூடத்து மணி எங்க வாசல்ல கேக்கும். இந்த இடம் கைய விட்டுப் போச்சுன்னா எங்களுக்குப் போக்கிடம் கிடையாது. இதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

யார் சட்டை?

ஞாயித்துக்கிழமையானா ஐயா வீடியோ கால்ல வருவார். ஒவ்வொரு அறையா காட்டணும். "அந்த மூலையைக் காட்டு. இல்ல, அதுக்கு மேல" என்பார். ஒருநாள் கொல்லையைக் காட்டும்போது கொடியில ஒரு நீலச் சட்டை காஞ்சுது.

"அது யார் சட்டை சுதா? உள்ள யாரையாவது வாடகைக்கு வச்சிருக்கியா?"

"என் வீட்டுக்காரர் சட்டைங்கய்யா. தீபாவளிக்கு எடுத்தது."

திரைக்குக் கிட்ட வந்து உத்துப் பார்த்துட்டுச் சொன்னார்: "சரி, அவரைப் போட்டுக் காட்டச் சொல்லு."

மாலைக்கு அப்புறம் பந்தல்

சினிமாவிலயும் கச்சேரியிலயும் பெரிய பேர் வாங்கின ஒரு பாட்டுக்காரம்மா, சின்ன வயசுல இந்தப் பெரிய வீட்டோட ஒரு பகுதியிலதான் பெத்தவங்களோட வாடகைக்கு இருந்தாங்க. போன வருஷம் அவங்க காலமானதும், காரைக்கால்ல இருக்கிற ரசிகர்கள் சேர்ந்து வீட்டு முகப்புல ஒரு கல்வெட்டு வைக்கலாம்னு முடிவு பண்ணினாங்க. முடிவு பண்ணினவங்க வீட்டுக்காரரைக் கேக்கலை. நேரா கல்லை வெட்டி, குட்டி யானை வண்டியில ஏத்திக்கிட்டு வந்துட்டாங்க. கூட்டத்துக்குத் தலைவர் பாஸ்கர் சார், ஓய்வுபெத்த வாத்தியார்.

ஐயா சந்தோஷப்படுவார்னு நெனச்சு போன் போட்டேன். பாஸ்கர் சார் போனை வாங்கி, "பாரிஸ்ல கூட இப்படித்தானுங்களே வீட்டுச் சுவத்துல பலகை வைக்கிறாங்க" என்றார்.

"அங்க வச்சா வீடு அங்கேயே இருக்கும் சார்" என்றார் ஐயா. "இங்க முதல்ல கல்லு. அப்புறம் கல்லுக்கு மாலை. மாலை போட வர்றவங்களுக்குப் பந்தல். பந்தலுக்குப் பின்னால இருக்கிற வீடு யாருதுன்னு அப்ப எவனுக்குத் தெரியும்?"

போனை வச்சதும் பாஸ்கர் சார் என் பக்கம் திரும்பினார். வந்த வண்டியோ அதுக்குள்ள போயிடுச்சு. கல்லைத் தூக்கி எங்க அறையில, கேஸ் அடுப்புக்குப் பக்கத்துல சாத்தி வச்சுட்டு, என்னை மேலும் கீழும் பார்த்துக் கேட்டார்: "உண்மையைச் சொல்லும்மா, ஐயா மனசைக் கெடுத்தது நீதானே?"

சமையக்கட்டு தரிசனம்

பெரிய வீட்டுக்குள்ள யாரையும் விடக் கூடாதுன்னு ஐயா உத்தரவு. ஆனா கல்லு இருக்கிற இடம் ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. திருவாரூர்லேர்ந்து ஒரு தம்பதி வந்தாங்க. எங்க அறை வாசல்லயே செருப்பைக் கழட்டிட்டு, கல்லுக்கு முன்னால கண்ணை மூடி நின்னாங்க. பக்கத்துல என் குக்கர் விசில் அடிச்சுக்கிட்டிருந்துது.

"இது இல்லைங்க, அந்தம்மா இருந்தது அந்தப் பெரிய வீட்டுல" என்றேன். வந்த பொம்பளை சுத்திமுத்திப் பார்த்தார். "இது அவங்க படுத்த கட்டிலா?" "இல்லைங்க, என் கல்யாணச் சீர்." "சும்மா சொல்லு, எடுத்துக்கிட்டா போயிடப்போறோம்?"

வெளிய போனதும் புருஷன்கிட்ட அவர் சொன்னது என் காதுலயும் விழுந்துது: "பெரிய வீட்டைத் தனக்கு வச்சுக்கிட்டு, அந்தம்மா வாழ்ந்த இடத்துல குழம்பு கொதிக்க விட்டிருக்கா பாருங்க!"

நான் உறவுக்காரி ஆனேன்

வந்தவங்கள்ல யாரோ ஒருத்தர், நான் கரண்டியும் கையுமா கல்லுக்குப் பக்கத்துல நிக்கிறதைப் படம் பிடிச்சு பேஸ்புக்ல போட்டுட்டார். கீழ 'பாடகியின் இல்லத்தில் அவரது உறவினர்' என்று ஒரு வரி. நெரவியில ஏழெட்டுப் பேர்தான் பார்த்திருப்பாங்க. பாரிஸ்ல பார்க்க வேண்டியவர் பார்த்துட்டார்.

அந்த ஞாயித்துக்கிழமை வீடியோ கால் வரலை. பக்கத்து ஊர் போலகத்துல வாடகைக்கு இடம் கிடைக்குமான்னு என் வீட்டுக்காரர் விசாரிக்கக் கிளம்பிட்டார். "அங்கேயும் மணி கேக்குமாம்மா?" என்றாள் யாழினி. சாயங்காலம் ஐயா போன் பண்ணினார். முகத்தைக் காட்டலை, குரல் மட்டும்: "எப்போலேர்ந்து நீ அவங்களுக்குச் சொந்தம்?"

ஐயா வந்து இறங்கினார்

அடுத்த வாரமே சொல்லாம கொள்ளாம ஆட்டோவுல வந்து இறங்கினார். முதல் வேலையா பூட்டை இழுத்துப் பார்த்தார். அப்புறம் அறை அறையா போய்ச் சுவத்தைத் தட்டிப் பார்த்தார். கடைசியா எங்க அறைக்கு வந்து, கல்லுக்கு முன்னால குந்திக்கிட்டு, கண்ணாடியை ஏத்தி இறக்கி எழுத்தெழுத்தாப் படிச்சார். அதுக்குள்ள விஷயம் தெரிஞ்சு பாஸ்கர் சாரும் வந்துட்டார். காலி பண்ணச் சொல்லப்போறார்னு நெனச்சு நான் காப்பி டம்ளரோட அப்படியே நின்னேன்.

"'வாழ்ந்த இல்லம்'னு போட்டிருக்கீங்க" என்றார் ஐயா. "யாரோட இல்லம்னு போடலையே?"

பாஸ்கர் சாரும் குனிஞ்சு படிச்சுப் பார்த்தார்.

"அந்தம்மா குடும்பம் எங்கப்பாகிட்ட வாடகைக்கு இருந்தது. இப்படியே விட்டா, நாளைக்கு வீடே அவங்களோடதுன்னு ஆயிடும். கீழ எங்கப்பா பேரையும் என் பேரையும் போட்டு, வீட்டு உரிமையாளர்னு வெட்டுங்க. அப்புறம் எந்தச் சுவத்துல வேணா வைங்க."

ரெண்டே நாள்ல கல் முகப்புல ஏறிடுச்சு. பாட்டுக்காரம்மா பேரு ஒரு வரி. ஐயா பேரு, படிப்பு, அவங்கப்பா பேரு எல்லாம் சேர்த்து மூணு வரி. ஐயாவே முதல் மாலையைப் போட்டார். ஊருக்குக் கிளம்புற அன்னிக்கு என்னைத் தனியாக் கூப்பிட்டார். என்னை நம்பிட்டார்னு மட்டும் நெனச்சுடாதீங்க. அவர் கேட்டுக்கிட்டது இதுதான்:

"சுதா, இந்த இடத்தை விட்டு எங்கேயும் போயிடாதம்மா. நீ இல்லைன்னா எவனாவது வந்து என் பேரை மட்டும் சுரண்டிட்டுப் போயிடுவான்."