தள்ளிவைப்பா, தள்ளுபடியா?

நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில் மூன்றாவது கடை அவளுடையது. கடை என்று சொன்னால் கடைக்கே சிரிப்பு வரும். ஒரு நகல் இயந்திரம், ஒரு முக்காலி, நான்கு கட்டுக் காகிதம், இவற்றுக்கு நடுவில் அவள். வாடிக்கையாளர் உள்ளே வரவேண்டுமென்றால் அவள் வெளியே வரவேண்டும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது, ஆனால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் அவள் ஜெராக்ஸ் அக்கா. அவளைவிடப் பதினைந்து வயது மூத்த வக்கீல்கள்கூட வாய் கூசாமல் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

படித்தது எட்டாவது. ஆனால் இருபத்திரண்டு வருடமாக மனுவும் பதில்மனுவும் வாக்குமூலமும் தீர்ப்பும் அவள் கைவழியாகத்தான் போய் வந்தன. பக்கம் கோணலாக விழுந்திருக்கிறதா, ஓரத்து எழுத்து வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பார்க்கத்தான் முதலில் பார்த்தாள். பார்த்த கண் சும்மா இருக்குமா? படித்தது. வழக்குப் போட்டவன் வாதி, போடப்பட்டவன் பிரதிவாதி என்பதில் ஆரம்பித்து, மேல்முறையீடு எதற்கு, மறு ஆய்வு எதற்கு என்பதுவரை அவளுக்கு அத்துப்படி ஆகிவிட்டது. சட்டக் கல்லூரியில் இருந்து புதிதாக வந்த பிள்ளைகள் சிலபேர், மனுவின் கடைசிப் பக்கத்தில் தேதியை விட்டுவிட்டு அவளிடம் குட்டு வாங்கியிருக்கிறார்கள்.

இந்தப் படிப்பை அவள் வீட்டுக்கும் கொண்டுபோனாள் என்பதுதான் வேடிக்கை. மாமியார் சபாநாயகர். கூடத்து நாற்காலியை விட்டு எழமாட்டார், ஆனால் யார் எவ்வளவு நேரம் பேசலாம் என்பதை அவர்தான் முடிவுசெய்வார். குழாய் வேலை பார்க்கும் கணவன் எதிர்க்கட்சி. திரைச்சீலையின் நிறத்தில் இருந்து மின்விசிறியின் வேகம்வரை அவள் எதைச் சொன்னாலும் எதிர்ப்பான், தோற்றுப்போனால் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்கு வெளிநடப்புச் செய்வான். பள்ளிக்கூடம் போகும் மகள் சுயேச்சை. யார் அவளைத் தொலைக்காட்சி பார்க்க விடுகிறார்களோ அவர்களுக்கு அவள் வாக்கு.

இந்தச் சபை கூடிய இடம், மூன்று மாடிப் பழைய கட்டடத்தில் இரண்டாவது மாடி, ஏழாம் எண் வீடு. மொத்தம் இருபத்திரண்டு குடும்பங்கள். படிக்கட்டுக் கைப்பிடி ஆடும், மழைக்காலத்தில் மேல்மாடிச் சுவர் வியர்க்கும். இருந்தாலும் அவள் கல்யாணமாகி வந்து இறங்கிய வீடு அது, மகள் நடை பழகிய கூடம் அது. கட்டடத்து உரிமையாளருக்கு அதை இடித்துக் கடைவளாகம் கட்டவேண்டும் என்று ஆசை வந்தது. ஆசை வந்தது தப்பில்லை. முறைப்படி எதுவும் செய்யாமல், ஒரு வாரத்தில் காலிசெய்யுங்கள் என்று ஆளை அனுப்பி மிரட்டியதுதான் தப்பு.

குடியிருந்தவர்கள் ஒன்றுசேர்ந்து வழக்குப் போட்டார்கள். வழக்கு முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்று நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. அந்தத் தடையை நீக்கச் சொல்லி உரிமையாளர் பதிலுக்கு ஒரு மனு போட்டார். இரண்டும் சேர்ந்து விசாரணைக்கு வந்தன. குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர் கீழ்வீட்டுத் தையல்காரர். தங்கமான மனிதர், ஆனால் பதற்றம் வந்தால் ஊசிக்கும் நூலுக்கும் வித்தியாசம் தெரியாது.

அன்றைக்கும் விசாரணை. கடையில் கூட்டம் நெரித்ததால் அவளால் நீதிமன்றத்துக்குள் போக முடியவில்லை, தையல்காரர் மட்டும் போனார். ஒன்றரை மணி வாக்கில் மாமியாரிடமிருந்து தொலைபேசி வந்தது.

"ஏம்மா, பாத்திரத்தையெல்லாம் எதுல கட்டறது? சாக்கு பத்தாது போலிருக்கே."

"எதுக்கு அத்தை பாத்திரத்தைக் கட்டணும்?"

"உனக்குத் தெரியாதா? கேஸைத் தள்ளிட்டாங்களாம்! தையல்காரர் வந்து படிக்கட்டுலயே உக்காந்து அழுவுறாரு. கட்டடத்துக்காரரோட மேனேஜர் லாரியோட வந்து நிக்கிறான். ஏதோ தாள்ல எல்லாரும் கையெழுத்துப் போடணுமாம். உடனே போட்டா இன்னிக்கி அவங்க லாரியிலேயே சாமானை ஏத்திக்கலாம், இல்லேன்னா தூக்கித் தெருவுல போட்டுடுவோம்னு சொல்றான்."

வழக்குத் தோற்றால் தடையும் போயிற்று, தடை போனால் வீடும் போயிற்று. ஆனால் பயத்துக்கு நடுவிலும் ஒரு வார்த்தை அவள் காதில் முள்ளாகக் குத்தியது. தள்ளிட்டாங்க. எதை? தேதியையா, வழக்கையா? தேதியைத் தள்ளினால் அது தள்ளிவைப்பு, வழக்கு உயிரோடு இருக்கிறது. வழக்கைத் தள்ளினால் அது தள்ளுபடி, கதை முடிந்தது. நம்முடைய பேச்சில் இரண்டுக்கும் ஒரே தள்ளுதான். வேறு எந்த ஊரில் இப்படி ஒரு வார்த்தையில் இருபத்திரண்டு குடும்பம் தொங்கும் என்று தெரியவில்லை.

"அத்தை, நான் வர்ற வரைக்கும் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. நீங்கதான் சபாநாயகர். ஒருத்தரையும் பேனாவைத் தொட விடாதீங்க."

"அதை நான் பாத்துக்கறேன்," என்றார் மாமியார். அந்தக் குரலில் அழுகை போய், நாற்காலியின் அதிகாரம் வந்திருந்தது.

இயந்திரத்தில் பாதி வெளிவந்த காகிதத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். சாலையைக் கடந்து, வாயில் காவலரைத் தாண்டி, இரண்டாவது மாடிக்கு மூச்சிரைக்க ஏறினாள். நீதிபதி உணவு இடைவேளைக்கு எழுந்து போயிருந்தார். மேடைக்குக் கீழே உட்கார்ந்து அன்றாட உத்தரவுகளை எழுதும் பெஞ்ச் கிளார்க் மட்டும் பேரேட்டை மூடிக்கொண்டிருந்தார்.

"சார், எங்க கேஸு என்னாச்சு? தள்ளிட்டாங்கன்னு சொல்றாங்களே!"

"ஆமாம்மா, தள்ளிட்டாங்க."

அவள் விடவில்லை. "தள்ளுபடியா சார், தள்ளிவைப்பா?"

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "இத்தனை வருஷத்துல இந்தக் கேள்வியைச் சரியாக் கேட்ட முதல் ஆள் நீதாம்மா. எதிர்த்தரப்பு வக்கீல் அவகாசம் கேட்டாரு, குடுத்துட்டாங்க. தேதியைத்தான் தள்ளியிருக்கு."

"தடை?"

"அதுவரைக்கும் நீட்டிச்சாச்சு. நீயே படிச்சுக்கோ."

பேரேட்டைத் திருப்பிக் காட்டினார். நகல் வேண்டுமென்றால் மனுப் போட்டு முத்திரையோடு வாங்க நாலு நாளாகும், பேரேட்டை வெளியே கொடுக்கவும் முடியாது, ஆனால் பார்த்து எழுதிக்கொள்ளத் தடையில்லை என்றார். இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களின் காகிதத்தை நகலெடுத்த அவளுக்கு அன்றைக்கு இயந்திரம் உதவவில்லை. ஒரு பழைய அட்டையின் பின்பக்கத்தில், வழக்கு எண், தேதி, நீதிமன்றத்தின் பெயர், உத்தரவின் ஒவ்வொரு எழுத்து, கமா உட்பட, கையால் எழுதினாள். ஒரு வரிகூடக் கோணவில்லை.

கட்டடத்து வாசலில் லாரி நின்றது. படிக்கட்டின் அடியில் மூட்டைகள். யாரோ ஒருவருடைய சுவர்க் கடிகாரம் மூட்டைமேல் கிடந்து மணி காட்டிக்கொண்டிருந்தது. தையல்காரர் முழங்காலில் முகத்தைப் புதைத்திருந்தார். உரிமையாளரின் மேனேஜர் ஒரு மேசையைப் போட்டுத் தாளை விரித்து வைத்திருந்தான். மேசைக்கு எதிரே, இரண்டு மாடி இறக்கிக் கொண்டுவந்த தன்னுடைய நாற்காலியில் மாமியார் அமர்ந்திருந்தார். மேனேஜரின் பேனா அவர் மடியில் இருந்தது.

"பேனாவைக் குடுங்கம்மா," என்று மேனேஜர் பத்தாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"உறுப்பினர் உக்காரலாம்," என்றார் மாமியார்.

அவள் நேராகத் தையல்காரரிடம் போனாள். "அண்ணே, கேஸைத் தள்ளிட்டாங்கன்னு உங்ககிட்ட யாரு சொன்னா?"

"நம்ம வக்கீலோட ஜூனியர்தான் தங்கச்சி. தள்ளிட்டாங்க, அப்புறம் பாக்கலாம்னு சொல்லிட்டு வேற கோர்ட்டுக்கு ஓடிட்டாரு. தள்ளுபடின்னா துணிக்கடையில கொண்டாட்டம், கோர்ட்டுல திண்டாட்டமாச்சே! என் தலையில இடியே விழுந்துடுச்சு. வராந்தாவுலேயே அழுதுட்டேன். அப்ப இவரும் பக்கத்துலதான் நின்னாரு." மேனேஜரைக் காட்டினார்.

அவளுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. அந்த ஆளுக்கு உண்மை தெரியும். அவகாசம் கேட்டதே அவன் தரப்பு வக்கீல்தான். இந்த அப்பாவி தப்பாகப் புரிந்துகொண்டு அழுததைப் பார்த்துவிட்டு, அந்த அழுகையை வைத்தே இருபத்திரண்டு வீட்டையும் காலிசெய்து விடலாம் என்று லாரியைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான். கையெழுத்துப் போட்டுவிட்டால், நாங்களாகவே விருப்பப்பட்டுப் போகிறோம் என்று ஆகிவிடும். பிறகு எந்தத் தடையும் உதவாது. அவளுக்கு வந்த கோபத்தில் அட்டையே கிழிந்திருக்கும்.

"கேஸைத் தள்ளல!" என்று படிக்கட்டில் ஏறி நின்று சத்தமாகச் சொன்னாள். "தேதியைத்தான் தள்ளியிருக்காங்க! தடை இன்னும் உயிரோட இருக்கு. கேளுங்க." அட்டையை ஒரு எழுத்து விடாமல் படித்தாள்.

மேனேஜர் சிரித்தான். "அக்கா, இது நீங்களே எழுதினது. முத்திரை எங்க? இதெல்லாம் செல்லாது. அதுவும் இல்லாம, பழைய கட்டடத்தையெல்லாம் இடிக்கலாம்னு நாடாளுமன்றத்துல புதுச் சட்டமே வந்தாச்சு. இந்தாங்க." பையிலிருந்து அச்சடித்த கட்டு ஒன்றை எடுத்து நீட்டினான்.

கூட்டம் மறுபடி வாடியது. அவள் மட்டும் அந்த முதல் பக்கத்தைப் பார்த்துப் பழைய சிநேகிதியைக் கண்டதுபோல முகம் மலர்ந்தாள்.

"இதைப் போன வாரம் முப்பது பிரதி எடுத்தது நான்தான் தம்பி. தலைப்பை முழுசாப் படிங்க. சட்டம்னு எங்க போட்டிருக்கு? சட்ட முன்வடிவுன்னு போட்டிருக்கு. மசோதா! மசோதான்னா வயித்துல இருக்கற புள்ள மாதிரி. இப்பத்தான் தாக்கல் ஆகியிருக்கு. விவாதம் நடக்கணும், வாக்கெடுப்புல ஜெயிக்கணும், ஒப்புதல் கையெழுத்து விழணும், அரசிதழ்ல வரணும். பொறக்காத புள்ளையைக் காட்டி எங்களை வீட்டைவிட்டுப் போகச் சொல்றீங்களே!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மாடி மாடியாக ஏறியது.

"அந்தக் கதையெல்லாம் வேணாம். உங்க அட்டை செல்லாது."

"சரி, செல்லாது." அவள் அட்டையை மேசைமேல் வைத்தாள். மாமியார் மடியிலிருந்த பேனாவை வாங்கி அவன்முன் நீட்டினாள். "இதுக்குக் கீழ நீங்களே எழுதிக் குடுங்க. 'இன்றைய தேதியில் நீதிமன்றத் தடை எதுவும் இல்லை'ன்னு எழுதி, உங்க பேரைப் போட்டு, கையெழுத்துப் போடுங்க. நாங்க எல்லாரும் அடுத்த நிமிஷமே உங்க தாள்ல கையெழுத்துப் போடறோம். நாளைக்கு நான் உங்க எழுத்தை ஒரு நகல் எடுத்து நீதிபதிகிட்டக் காட்டிக்கறேன். நீதிமன்ற அவமதிப்புன்னு ஒண்ணு இருக்கு, உங்களுக்குத் தெரியாம இருக்காது."

அவன் பேனாவைப் பார்த்தான். அட்டையைப் பார்த்தான். இருபத்திரண்டு குடும்பமும் அவன் கையையே பார்த்தது. கையெழுத்துக் கேட்டு வந்தவனிடமே ஒரு கையெழுத்துக் கேட்டால் என்ன செய்வான்? தன் தாளை மடித்துப் பைக்குள் வைத்தான். லாரி பின்பக்கமாகவே தெருவை விட்டு வெளியேறியது. மேசையைக்கூட எடுத்துக்கொள்ள மறந்துவிட்டான், அது இன்றைக்கும் தையல்காரர் வீட்டில்தான் இருக்கிறது.

மூட்டைகள் மாடி ஏறின. இறங்கிய நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. வேலையை விட்டுவிட்டு ஓடிவந்த அவள் கணவன், மாமியாரின் நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு, "ஆளுங்கட்சி நல்லா வேலை செஞ்சிருக்கு," என்றான். பதினாறு வருடக் குடித்தனத்தில் முதல் பாராட்டு. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

நான்கு மாதம் கழித்து இறுதி உத்தரவு வந்தது. அன்றைக்கும் கடையில் கூட்டம், அன்றைக்கும் தையல்காரர்தான் போயிருந்தார். நீதிமன்ற வாசலிலிருந்து சாலையின் குறுக்கே, வண்டிகள் ஒலியெழுப்ப, கைகளை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"தங்கச்சி! தள்ளிட்டாங்க! தள்ளிட்டாங்க!"

அவள் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"அண்ணே, மூச்சு விடுங்க. எதைத் தள்ளிட்டாங்க?"

"நான் மூணு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கிட்டுத்தான் வந்தேன். அவங்க மனுவை! அவங்க மனு தள்ளுபடி! நம்ம தடை நிரந்தரம்!"

வரிசையில் நின்ற வக்கீல்கள் கைதட்டினார்கள். ஒருவர் காரணம் தெரியாமலே தட்டினார். அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள்.

நான்கு நாள் கழித்து முத்திரை போட்ட நகல் கைக்கு வந்தது. மற்ற வேலைகளை நிறுத்திவைத்துவிட்டு அதைக் கண்ணாடிமேல் நேராக வைத்தாள். ஓரம் வெட்டுப்படாமல், கோணல் இல்லாமல், வீட்டுக்கு ஒன்றாக இருபத்திரண்டு பிரதி எடுத்தாள். அன்று மாலை கூடத்தில் மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் உரக்க வாசித்தார்.

"ஆதரிப்பவர்கள்?"

மகள் இரண்டு கையையும் தூக்கினாள். ஒருவருக்கு ஒரு வாக்குதான் என்று சபாநாயகர் கண்டித்தார்.

"எதிர்ப்பவர்கள்?"

கணவன் எழுந்தான். வழக்கம்போலச் செருப்பை மாட்டிக்கொண்டான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"எதிர்ப்பு இல்ல. டீ வாங்கிட்டு வர்றேன்," என்றான். "எல்லா வீட்டுக்கும்."