கேட்காமல் திறந்த காப்பகம்

இங்கிலாந்தில் சமூகப்பணி படித்தபோது, ஊர்மக்களே கூடிப் பேசி நூலகத்தையும் குழந்தைகள் காப்பகத்தையும் நடத்துவதைப் பார்த்து வியந்திருக்கிறேன். ஊர் திரும்பியதும், ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளுக்காக மாதனூரில் ஒரு காப்பகம் திறந்தேன். சுவர் ஓவியம் முதல் பொம்மைகள் வரை எல்லாம் என் ஏற்பாடு. ஒரு வாரமாகியும் ஒரு பிள்ளைகூட வரவில்லை.

கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்களிடம் கோபமாகவே கேட்டேன். "இவ்ளோ செஞ்சும் ஏன் யாரும் புள்ளைங்கள அனுப்பல?"

தையல் பிரிவில் வேலை செய்யும் செல்வி சொன்னாள்: "நீங்க ஒன்பது மணிக்குத் தொறக்கறீங்க மேடம். எங்க பஸ்ஸு ஏழு மணிக்கே போய்டுது. அதுவரைக்கும் புள்ளய இன்னா பண்றது? எங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

எனக்கு வெட்கமாகிவிட்டது. அங்கே பார்த்து வியந்ததை இங்கே செய்ய மறந்திருக்கிறேன்.

"தப்பு என்னுதுதான். எப்படி நடத்தலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கூடினார்கள். நேரம், சாப்பாடு, பார்த்துக்கொள்ளும் ஆள், எல்லாவற்றையும் அவர்களே முடிவு செய்தார்கள். இப்போது காலை ஆறரைக்கே காப்பகத்தில் பிள்ளைகளின் சத்தம் கேட்கிறது.

போன மாதக் கூட்டத்தில் நானும் ஒரு யோசனை சொன்னேன். அதை ஏற்பவர்களைக் கை தூக்கச் சொன்னபோது என்னைத் தவிர யாரும் தூக்கவில்லை. சிரித்துக்கொண்டேதான் வீடு திரும்பினேன்.