ஏழாவது செவிலி சொன்னது

நெவெங்காவின் ஆய்வேடு எங்கள் மருத்துவமனை நூலகத்தில் பொதுப் பார்வைக்கு வந்த மூன்றாம் நாள்தான் அவளுக்குப் பயம் பிடித்தது. முனைவர் பட்ட ஆய்வை வாய்மொழித் தேர்வுக்கு முன் யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம். படித்தவர் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். பதிவேடு நூலகரான என் மேசையில் இருந்தது. இதையெல்லாம் நான் கிட்டத்திலிருந்து பார்க்க நேர்ந்தது அதனால்தான்.

நெவெங்காவுக்கு நாற்பத்தாறு வயது. கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவரின் மகள். முதியோர் வார்டில் பத்தொன்பது வருட டியூட்டி. விடுப்புகளைச் சேர்த்துச் சேர்த்து ஏழு வருடம் படித்தாள். நோயாளியைக் கட்டிலோடு கட்டும் செவிலி அந்த நேரத்தில் தனக்குத்தானே என்ன சொல்லிக்கொள்கிறாள் என்பதுதான் ஆய்வு. கேட்டவர்கள் பேச்சை மாற்றுவார்கள். அவள் விடவில்லை. பதினான்கு செவிலியரைத் தனித்தனியாகப் பேசவைத்து ஒலிப்பதிவு செய்தாள். பெயர் வெளியே வராது என்று ஒவ்வொருவருக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

பெயர், வயது, வார்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். ஒன்றை மட்டும் எடுக்க மனம் வரவில்லை. கட்டும் பட்டை மணிக்கட்டை உரசாமலிருக்க, விரல் பக்கம் வெட்டிய கம்பளிக் காலுறையைக் கையில் மாட்டிவிட்ட பிறகே கட்டுவேன் என்று ஏழாவது செவிலி சொல்லியிருந்தாள். இருநூற்று நாற்பது பக்கத்திலும் கருணை என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான் என்று நெவெங்கா நினைத்தாள். அதே பத்தியில் அந்தச் செவிலி இன்னொன்றும் சொல்லியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முப்பத்தொரு நோயாளிகளுக்கு அவள் ஒருத்திதான். விழுந்து விழுந்து எழுந்த ஒரு கிழவரை மருத்துவர் உத்தரவு இல்லாமல் கட்டினாள். கேஸ் ஷீட்டில் எழுதவில்லை.

காலை பத்தரைக்கு வார்டே மரெந்தாவுக்கு, அதாவது காலைச் சாப்பாட்டுக்கு, உட்காரும். அன்றும் உட்கார்ந்தோம்.

"நூத்திப் பன்னெண்டாம் பக்கம் பாத்தீங்களா?" துன்யா ரொட்டியை பீன்ஸ் சூப்பில் தோய்த்தாள். "நம்ம மில்கா சாக்ஸு புத்தகத்துலயே வந்துடுச்சுடி. டாக்டர் பட்டத்த அந்த சாக்ஸுக்கே குடுத்துடலாம். நெவெங்கா பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். குளிர்காலம் முழுக்கப் பழைய ஸ்வெட்டரைப் பிரித்து மில்கா பின்னும் அந்தக் காலுறைகளை அறியாதவர் அந்தக் கட்டடத்தில் இல்லை. மில்காவுக்கு அன்று மதிய டியூட்டி, அங்கே இல்லை. நெவெங்கா கரண்டியை வைத்துவிட்டு எழுந்து என்னோடு நூலகத்துக்கு வந்தாள்.

"யார் யார் படிச்சிருக்காங்க, காட்டு."

ஐந்தாவது கையெழுத்து தலைமைச் செவிலி ரொசாலியாவுடையது. நேற்று, இரண்டு நாற்பது.

"எவ்வளவு நேரம் இருந்தாங்க?"

"பத்து நிமிஷம். ஒரு பக்கத்த போட்டோ எடுத்தாங்க."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். காரணம் எனக்கும் தெரியும். கட்டிய பட்டையை அந்தக் கிழவரின் மகள் கண்ணால் பார்த்துப் புகார் கொடுத்திருந்தாள். சுகாதாரத் துறை அதிகாரி இரண்டு முறை வந்து விசாரித்துவிட்டார். யாரும் கட்டவில்லை என்றுதான் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். கட்டியது இன்னார் என்று தெரிந்தால் உரிமம் போகும். மில்காவுக்கு ஓய்வுக்குப் பதினான்கு மாதம் இருந்தது.

மதியம் டியூட்டிக்கு வந்து இறங்கிய மில்காவைப் பேருந்து நிறுத்தத்தில் நெவெங்கா பிடித்தாள். நானும் கூட இருந்தேன். மலையிலிருந்து இறங்கும் புரா காற்று ஆளைத் தள்ளியது.

"ஆய்வேட்ட வாபஸ் வாங்கிடறேன் மில்கா. இன்னைக்கே."

"வாங்கினா ஏன்னு கேப்பாங்க. அதுலயே தெரிஞ்சுடும்." மில்கா தலைத்துணியை இழுத்து முடிந்தாள். "படிச்சவதானே நீ? நான் உங்கிட்ட அழுதுகிட்டே சொன்னேன். நீ அத அச்சடிச்சு பைண்டு போட்டு வெச்சுட்ட."

"அதுல உன்னோட நல்ல மனசு இருந்துச்சு."

"என் மனசுக்கு மார்க்கு போடச் சொல்லி நான் கேட்டேனா?"

பேருந்துக்குக் காத்திருந்த வேறு யாரோ திரும்பிப் பார்க்க, மில்கா மருத்துவமனைப் பக்கம் நடந்தாள்.

மறுநாள் ரொசாலியா கூப்பிட்டனுப்பினாள். அறைக்குள் நடந்ததை நெவெங்கா பிறகு என்னிடம் சொன்னாள்.

"உக்காரு. பேரு கேக்கமாட்டேன். வாக்கு குடுத்திருக்க, புரியுது. மில்கா இல்லன்னு மட்டும் சொல்லு, போதும்."

வாயைத் திறக்காவிட்டால் அதுவே காட்டிக்கொடுப்பது என்று அவளுக்குத் தெரிந்தது. "மில்கா இல்ல."

"நல்லது. அப்ப துன்யாவா?"

அப்போதுதான் விழுந்த குழி புரிந்தது. ஒருத்திக்குப் பதில் சொல்லியாயிற்று. இனி எந்தப் பெயருக்கு வாய் மூடினாலும் அவள் மாட்டுவாள். "இல்ல" என்றாள். ரொசாலியா டியூட்டிப் பட்டியலை எடுத்துவைத்து இருபத்திரண்டு பேரையும் நிதானமாகப் படித்தாள். இருபத்திரண்டு முறை இல்லை. கடைசிப் பெயருக்குத் தலையை மட்டும் ஆட்டினாளாம்.

"யாருமே இல்லன்னா அந்தப் பத்தி எங்கேருந்து வந்துச்சு? நீயா எழுதினதா?" ரொசாலியா ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினாள். அவள் முகத்திலும் தூக்கமில்லை. "எனக்கு மேலயும் கேக்கறாங்க, நெவெங்கா. ஒரு பேரு குடுக்கணும், இல்லன்னா அது உன் கற்பனைன்னு நீ எழுதிக் குடுத்த தாள குடுக்கணும். எனக்கும் வேற வழியில்ல."

நெவெங்கா எழுதினாள்: ஏழாவது செவிலி என்று யாரும் இல்லை. அந்தப் பத்தி என் கற்பனை. கையெழுத்து, தேதி.

வெள்ளிக்கிழமை பல்கலைக்கழக அறிவிப்புப் பலகையில் இருந்த வாய்மொழித் தேர்வுப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. நெறியாளர் தொலைபேசியை எடுக்கவில்லை. கடிதம் மட்டும் வந்தது. பொய்த் தரவு பற்றி விசாரிக்கக் குழு அமைத்திருக்கிறார்கள். பதினான்கு ஒலிப்பதிவுகளையும் திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும்.

சனிக்கிழமை மதியம் மெமரி கார்டோடு நூலகத்துக்கு வந்தாள். வீட்டில் கணினியைத் திறக்கவே பயமாக இருக்கிறது என்றாள். கார்டைச் செருகினோம். பதினான்கு கோப்புகள். ஏழாவதில் மில்காவின் குரல், கேட்டால் யாருக்கும் அடையாளம் தெரிந்துவிடும். ஐம்பத்திரண்டு நிமிடம்.

"இத அழிச்சா, நீ பொய் சொல்லலைன்னு காட்டறதுக்கு ஒண்ணுமே இருக்காது" என்றேன்.

"தெரியும்."

"ஒரு தடவ கேட்டுட்டு அழிக்கிறியா?"

"வேண்டாம். கேட்டா கை வராது."

நடைவழியில் காலடிச் சத்தம் கேட்டது. இருவரும் திரையை மறைத்துக் குனிந்தோம். மருந்து வண்டி உருண்டு போனது. அவள் பொத்தானை அழுத்தினாள். பதின்மூன்று.

"அழிச்சதெல்லாம் கம்ப்யூட்டர் குப்பைத் தொட்டில போய் கிடக்குமே, அதுல இருக்குமா?" என்றாள்.

அதையும் திறந்து காட்டினேன். அதையும் காலி செய்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்துக் கோட்டை மாட்டினாள். இரண்டு தடவை தப்பான கையில் மாட்டினாள்.

"டியூட்டி ரெண்டு மணிக்கு" என்றாள். "இன்னைக்கு நானும் மில்காவும் மட்டும்தான்."