அடுத்த கட்டிலிலிருந்து வந்த ஆமென்

என் கணவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அன்றைய ஆராதனையை எங்கள் பாஸ்டர் போன் வழியாகத்தான் நடத்தினார். தேசத்தின்மேல் தேவகோபம் இறங்கியிருக்கிறது, விக்கிரகங்களை வணங்குகிறவர்கள் விழுகிறார்கள், நம் சபையில் ஒருவரையும் இந்த நோய் தொடாது என்று பிரசங்கித்தார். என் கணவர் தலையணையில் சாய்ந்தபடி அதற்கு ஆமென் சொன்னார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

கர்த்தரின் பிள்ளைகளே, அது 2021 ஏப்ரல். கொரோனாவின் இரண்டாவது அலை. என் பெயர் கிறிஸ்டி. ஊர் திருநெல்வேலிப் பக்கம், குடியிருப்பது மராத்தி பேசும் ஊரான பிம்ப்ரியில். என் கணவர் தங்கராஜ் இங்கே ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்தார். எங்களுக்கு ஒரே மகள், ஷைனி. அப்போது பத்தாம் வகுப்பு. இங்கேயே பிறந்தவள். தமிழை நன்றாகப் புரிந்துகொள்வாள், பேசும்போது பாதி ஹிந்தி வந்துவிடும்.

சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஜெபம் கேட்டு எழுதினேன். உடனே பாஸ்டரம்மா அழைத்தார்.

"சிஸ்டர், கொரோனான்னு போடாதீங்க. காய்ச்சல்னு மாத்திப் போடுங்க. மத்தவங்க விசுவாசம் தளர்ந்துரும்."

மாற்றிப் போட்டேன். மறுநாள் சபையின் மூத்த சகோதரி ஒருவர் போன் செய்து, "வீட்ல மறைவான பாவம் ஏதும் இருக்கான்னு யோசிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டார். நான் அப்போது ஆட்டோவில் இருந்தேன். என் கணவரின் தலை என் தோளில் கிடந்தது. கட்டில் இல்லை என்று இன்னொரு ஆஸ்பத்திரியிலும் அப்போதுதான் கையை விரித்திருந்தார்கள். போனை அணைத்துவிட்டு நான் நிஜமாகவே யோசித்துப் பார்த்தேன். அவர் சாகக் கிடக்கும்போது அவர் பாவத்தைத் தேடினேன்.

கடைசியில் ஒரு பெரிய கொரோனா வார்டில் இடம் கிடைத்தது. வாசலோடு என்னை நிறுத்திவிட்டார்கள். சக்கர நாற்காலியில் போகும்போது அவர் திரும்பிப் பார்க்க முயன்றார். தள்ளிக்கொண்டு போனவருக்கு அவசரம். கதவு மூடிவிட்டது.

உள்ளேயிருந்து போனில் பேசினார். "தண்ணி கேட்டா ஒருத்தரும் வரல புள்ள. ஹிந்தி வாயில வர மாட்டேங்கு. தமிழ்தான் வருது. பாஸ்டர ஒரு தடவ ஜெபம் பண்ணச் சொல்லு."

பாஸ்டரிடம் கேட்டேன். கண்டிப்பாகக் கூப்பிடுகிறேன் என்றார். "பாஸ்டர் கூப்பிடுவாங்க, போன பக்கத்துலயே வச்சிருங்க" என்று என் கணவரிடம் சொன்னேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. அதற்குப் பிறகு அவருக்குப் பேச மூச்சு இல்லை.

நானும் ஷைனியும் உபவாசம் இருந்தோம். உயிரைத் தாரும் என்று தரையில் விழுந்து கேட்டேன். நுரையீரல் வேலை செய்யவில்லை, மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்ன பிறகு என் ஜெபம் சுருங்கிவிட்டது. "அப்பா, உயிரைத் தரமாட்டீர் என்றால் இதையாவது தாரும். அவர் தனியாகப் போகக் கூடாது. யாராவது ஒருவர் பக்கத்திலிருந்து தமிழில் ஜெபிக்க வேண்டும்." அந்த வார்டுக்குள் அப்படி யாரை அனுப்புவார்? கேட்கும்போதே எனக்கு நம்பிக்கையில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அழைப்பை ஷைனிதான் எடுத்தாள். மராத்தியில் பேசினார்கள். கேட்டுவிட்டு என்னிடம் வந்து, "மம்மி, பப்பா இல்ல" என்றாள்.

"இல்லன்னா? வேற வார்டுக்கு மாத்திட்டாங்களா?"

அவளுக்கு அடுத்த சொல் தமிழில் கிடைக்கவில்லை. "நஹீ ரஹே, மம்மி" என்றாள், இறந்துவிட்டார் என்று ஹிந்தியில். அந்தப் பிள்ளை அதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

கல்லறைத் தோட்டத்தில் எங்களைத் தூரத்தில் நிறுத்தினார்கள். உடல் முழுக்க மூடிய ஆட்கள் அவரைக் குழியில் இறக்கிவிட்டு அடுத்த வண்டிக்கு ஓடினார்கள். சபையிலிருந்து ஒருவரும் வரவில்லை. பாஸ்டர் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். குழுவில் அன்று யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து ஓடிக்கொண்டிருந்தது. அதன்பின் நான் ஜெபிப்பதை நிறுத்தினேன். ஷைனி சாப்பாட்டுக்கு முன் கண்ணை மூடினால், "யாருக்கு நன்றி சொல்லுத?" என்று கேட்பேன். அவள் கண்ணைத் திறந்து சாப்பிடத் தொடங்குவாள்.

மழைக்காலம் தொடங்கியபோது தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. கொங்குத் தமிழ்.

"அம்மணி, எம்பேரு பழனிசாமிங்க. இங்கயே கோந்த்வாவுல இருக்கறனுங்க. பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவன். உங்க வீட்டுக்காரருக்கு அடுத்த கட்டில்ல கெடந்தனுங்க. நம்பர் அவருதான் குடுத்தாரு. எனக்கே இப்பத்தான் பேச மூச்சு வந்திருக்குது. கஷ்டமான சேதியும் இருக்குதுங்க. சொல்லட்டுங்களா, வேண்டாங்களா?"

"எல்லாத்தையும் சொல்லுங்க ஐயா."

சொன்னார். மாஸ்க்கைப் பிடுங்குகிறார் என்று என் கணவரின் கைகளைக் கட்டில் கம்பியோடு துணியால் கட்டிவிட்டார்களாம். தண்ணீர் கேட்டுக் கேட்டு ஓய்ந்தாராம்.

"பாஸ்டர் கூப்பிடுவாருன்னு போனை நெஞ்சு மேலயே வச்சிருந்தாருங்க. சார்ஜ் தீர்ந்து போச்சு. அப்புறம் எம்பக்கம் திரும்பி, 'சார், எனக்காக ஜெபம் பண்ணுவீங்களா'ன்னு கேட்டாரு. நான் முருகனைக் கும்பிடறவன், உங்க ஜெபமெல்லாம் தெரியாதுங்கன்னேன். 'நான் சொல்லுதேன், நீங்க கூடச் சொல்லுங்க'ன்னாரு."

ஆண்டவர் தம்முடைய சீஷர்களுக்குக் கற்றுக்கொடுத்த அந்த ஜெபத்தைத்தான் என் கணவர் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி மூச்சு வாங்கி, மறுபடி மறுபடி.

"சாயங்காலம் அவரால சொல்ல முடியலீங்க. எனக்கும் ஆக்சிஜன் ஓடிட்டிருந்துச்சு. கையை எட்டிப் புடிச்சுக்கிட்டு நானே சொன்னனுங்க. ஆமென் சொல்றப்ப அவரு உதடும் அசைஞ்சுது. மறுக்கா சொன்னேன். அப்ப அசையல. தெரிஞ்சு போச்சுங்க. ஆனா பாதியில விட மனசு வரல. முடிச்சுட்டுத்தான் நர்ஸைக் கூப்பிட்டேன்."

போனைக் கையில் பிடித்தபடி சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கட்டிய கைகளை நினைத்து அலறினேன். அதே நேரத்தில், நான் கேட்டது ஒன்றுவிடாமல் கிடைத்திருக்கிறது என்பதும் புரிந்தது. ஷைனி ஓடிவந்தாள். அவளைக் கட்டிக்கொண்டு பல வாரங்களுக்குப் பிறகு ஜெபித்தேன். ஸ்தோத்திரம் என்ற ஒரு சொல்தான் வந்தது.

சபை மறுபடி திறந்ததும், பழனிசாமி ஐயாவைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டு, பாஸ்டர் என்னைச் சாட்சி சொல்ல அழைத்தார். ஆராதனைக்கு முன்பு தனியாக வந்து, "அவர் முருக பக்தர்ங்கிறதெல்லாம் வேண்டாம் சிஸ்டர். ஒரு சகோதரர்னு சொல்லிருங்க. ஜனங்க குழம்பிருவாங்க" என்றார்.

"அவுங்க பேரு பழனிசாமி, பாஸ்டர்."

"அதத்தான் வேண்டாங்கிறேன்."

"நீங்க ஏன் கூப்பிடல?"

அவர் தரையைப் பார்த்தார். "நம்மள நோய் தொடாதுன்னு சொன்னவன் நான். அவருக்கு என்ன சொல்லி ஜெபிப்பேன்?" என்றார். உண்மையைச் சொல்கிறார் என்று தெரிந்தது. ஆனால் அடுத்த நிமிடமே, "பேர மட்டும் விட்ருங்க" என்றார். அன்று நான் சாட்சி சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அதனால்தான் லோஹேகாவில் கூடும் இந்தச் சின்ன ஐக்கியத்தில் பழனிசாமி ஐயாவின் பெயரோடு இதைச் சொல்கிறேன். தேசத்தின்மேல் கோபம் இறங்கியது என்று பேசுமுன், அந்த வார்டில் என் கணவரின் கையைப் பிடித்திருந்தது யார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சனிக்கிழமைகளில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய், ஆள் துணையில்லாத நோயாளிகளோடு உட்காருகிறேன். நல்ல கதையாக மட்டும் சொல்ல மாட்டேன். போன வருஷம் மராத்தி மூதாட்டி ஒருவர் தம்முடைய சாமியான விட்டலின் பெயரைச் சொல்லச் சொன்னார். என் நாக்கு எழவில்லை. கையை விடாமல் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். அவர் என் வாயையே பார்த்துக் காத்திருந்துவிட்டுக் கண்ணை மூடினார். பழனிசாமி ஐயா எனக்குச் செய்ததை அந்த அம்மாவுக்கு நான் செய்யவில்லை. நான் செய்தது சரியா என்று ஆண்டவரிடம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் பெரிய ஜெபத்துக்கு ஆண்டவர் "இல்லை" என்றார். ஏன் என்று எனக்குத் தெரியாது, தெரிந்ததுபோல் உங்களிடம் பேசவும் மாட்டேன். சின்ன ஜெபத்தைக் கேட்டார். அதைப் பிடித்துக்கொண்டு நானும் என் மகளும் உயிரோடிருக்கிறோம். உங்களில் யாருடைய வீட்டிலாவது இப்போது ஜெபம் சுருங்கிப் போயிருந்தால், சுருங்கியதையே கேளுங்கள். யார் கையில் கொடுத்தனுப்ப வேண்டும் என்பதை மட்டும் அவரிடம் விட்டுவிடுங்கள்.