சாமிக்கு ஜுரம்

போன ஆனியில் என் வீட்டுக்காரருக்குச் சளி நெஞ்சில் இறங்கி, ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைக்கிற அளவுக்குப் போய்விட்டது. எப்படியோ பிழைத்து வீட்டுக்கு வந்தார். இரண்டு வாரம் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லித்தான் அனுப்பினார். மனிதர் மறுநாளே செருப்பை மாட்டிக்கொண்டு தெற்கு மாட வீதிக்குக் கத்திரிக்காய் வாங்கக் கிளம்பிவிட்டார். படி இறங்கும்போதே மூச்சு இரைத்தது. இன்னொரு தடவை அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார எனக்குத் தெம்பில்லை.

கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். மயிலாப்பூரில் ஒரு சாமி பாக்கியில்லாமல் வேண்டியும் பார்த்தேன். அசைகிற ஜாதியில்லை அவர்.

எங்கள் அபிராமபுரம் ஃபிளாட்டில் மேல்வீட்டில் ஓர் ஒடியாப் பெண் இருக்கிறாள். கல்லூரியில் கணக்குச் சொல்லித் தருகிறவள். அவள் ஊர்க்காரர்கள் சேர்ந்து அடையாறில் ஒரு ஜகந்நாதர் கோயில் நடத்துகிறார்கள். அந்தச் சாமியையும் கேட்டு வைப்போமே என்று ஒரு சாயங்காலம் அவளோடு ஆட்டோ ஏறினேன்.

கோபுரம் கீபுரம் எதுவும் கிடையாது. பழைய வீடொன்றின் கீழ்த்தளம், அவ்வளவுதான். ஹோட்டல் சமையல்காரர்கள், யூனிஃபார்மோடு வந்த செக்யூரிட்டிகள், கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்த பிள்ளைகள் என்று நல்ல கூட்டம். ஆனால் சத்தமே இல்லை. சன்னிதிக் கதவு சாத்தியிருந்தது. அதன் முன்னால் சாமி படம் வரைந்த துணி தொங்கியது. மேலே மணி கண்ணில் பட்டது. பழக்கதோஷம், அடித்துவிட்டேன்.

சமையல்காரர் ஒருவர் ஓடிவந்து மணியின் நாக்கைப் பிடித்துக்கொண்டார். தமிழை மெட்ராஸ் தெருவிலேயே கற்றவர்.

"சாமிக்கு ஜுரம் கீதும்மா. தூங்கிக்கினு கீறாரு."

விளையாடுகிறாரோ என்று பார்த்தேன். இல்லை. பௌர்ணமியன்று குடம் குடமாகக் குளிப்பாட்டியதில் சாமிக்குக் காய்ச்சல் வந்துவிட்டதாம். வருஷா வருஷம் வருமாம். தேர்த் திருவிழாவுக்குள் எழுந்துவிடுவாராம், அதுவரை தரிசனம் கிடையாது. சோறு கிடையாது, பழமும் கஷாயமும்தான். எனக்கு எரிச்சலாக வந்தது. வைத்தியம் கேட்டு வந்த இடத்தில் வைத்தியரே படுத்துக் கிடந்தால் நான் எங்கே போவது?

அதை அந்தப் பெண்ணிடம் சொல்லியும் விட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"எங்க அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தப்போ நான் இங்க எக்ஸாம் டியூட்டியில இருந்தேன் ஆன்ட்டி. ரயில் ஏறிப் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. இங்க வர்ற பாதிப் பேருக்கு இதே கதைதான். அதான் இவரையாவது பக்கத்துல இருந்து பாத்துக்கறோம்."

நானும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். உள்ளே கஷாயம் காய்ச்சும் வாசனை வந்தது. வேலை முடிந்து களைத்து வந்த அத்தனை பேரும் கதவுக்கு வெளியே சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு இது வேண்டும், அது வேண்டும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. இப்படி ஒரு பக்தியை நான் பார்த்ததில்லை.

வீட்டில் சொன்னதும் என் வீட்டுக்காரர் இருமல் வருமளவுக்குச் சிரித்தார். ஆனால் மறுநாள் காலை செருப்பைத் தேடவில்லை.

"என்ன, கத்திரிக்கா வாங்கப் போகலையா?" என்றேன்.

"அவரே படுத்துண்டிருக்கார். எனக்கென்ன கத்திரிக்கா வேண்டிக் கெடக்கு?"

அதற்கப்புறம் மேல்வீட்டுப் பெண் கோயிலிலிருந்து வந்ததும் தினமும் ஒரே கேள்விதான்: "சாமி எழுந்துண்டாச்சாம்மா?" இன்னும் இல்லை என்று அவள் சொன்னால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். நான் கொடுத்த கஞ்சியைக்கூட முணுமுணுக்காமல் குடித்தார்.

கதவு திறக்கும் நாளில் இவரையும் அழைத்துப் போனேன். புதுச் சாயம் பூசிய சாமியின் முகத்தில் அந்தப் பெரிய வட்டக் கண்கள் தெரிந்ததும் கூட்டம் மொத்தமும் ஓவென்று குரல் எழுப்பியது. செக்யூரிட்டி உடுப்பிலிருந்த ஒருவர் குழந்தை மாதிரி அழுதார். அந்தச் சமையல்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இப்போ அடிம்மா."

எனக்குக் கை எழவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டுக்கூட வராத அழுகை அத்தனையும் அங்கே வந்தது. என் வீட்டுக்காரர்தான் எட்டி மணியை அடித்தார். ஓங்கி ஓங்கி, நிறுத்தாமல் அடித்தார். மூச்சு இரைக்கவில்லை.