மதிலுக்கும் லொறிக்கும் நடுவில்

அப்பாவின் பழைய லொறிக்கு வேறொரு வாகனத்தின் கியர்பொக்ஸைப் பூட்டியிருந்தோம். ஸ்ரியறிங்கோடு இருக்கும் கியர்த்தடி அதற்கு ஒத்துவரவில்லை. முதலாம் கியரைப் போட்டால் வண்டி பின்னால் போனது. அதைத் திருத்தத்தான் சாவகச்சேரியில் ஒரு மெக்கானிக்கின் கராச்சுக்குப் போனேன்.

மெலிந்த, உயரமான மனிதர். வலது கைப் பெருவிரலில் நகம் இல்லை. லொறிக்கு அடியில் படுத்து, தடியையும் கியர்பொக்ஸையும் இணைக்கும் கம்பிகளைக் கழற்றி, வெட்டி, ஒட்டி, மறுபடி பூட்டினார். பிறகு லொறியின் பின்னால் போய், மதிலில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு, "முதலாம் கியரைப் போடுங்கோ தம்பி" என்றார்.

போட்டேன். லொறி பின்னால் பாய்ந்தது. பிரேக்கை மிதித்துவிட்டு இறங்கி ஓடினேன். பின்பலகைக்கும் அவர் நெஞ்சுக்கும் ஒரு சாண்தான் இடைவெளி.

"அண்ணை, அங்கை நிக்காதேங்கோ!"

"நான் பூட்டினது. பிழைச்சால் என்னோடை போகட்டும்."

"வீட்டிலை ஆக்கள் இருக்கினமெல்லே?"

"முந்தி இருந்தவை" என்றுவிட்டு மறுபடியும் லொறிக்கு அடியில் புகுந்தார்.

அடுத்த முறையும் அதே இடத்தில்தான் நின்றார். எவ்வளவு கெஞ்சியும் அசையவில்லை. பிரேக்கில் ஒரு காலை வைத்தபடி கியரைப் போட்டேன். லொறி முன்னால் நகர்ந்தது. சந்தோஷத்தில் வாசல் படலையடியில் நிறுத்தி இறங்கித் திரும்பிப் பார்த்தேன். மதிலோடு ஒட்டி, கண்களை மூடியபடி நின்றிருந்தார். பிறகு மெல்லத் திறந்து, தூரத்தில் நின்ற லொறியைப் பார்த்தார்.

கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவரின் முகம் அது.