பெட்டிக்கு வீசும் காற்று

தாராவி. மே மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை, மத்தியானம்.

செல்வியின் தகரக்கூரை வீட்டுக்குள் நிற்கிறேன். வியர்வை கண்ணில் இறங்குகிறது. ஆனால் எங்கள் பல்கலைக்கழகம் சுவரில் மாட்டிய வெப்பமானிப் பெட்டி, இந்த வீடு கோடை முழுவதும் குளுமையாக இருந்ததாகக் கணக்குக் காட்டுகிறது.

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து செய்யும் ஆய்வு இது. பெட்டி எங்கள் பொறியியல் துறையின் பொறுப்பு. உடல்நலச் சோதனை மருத்துவத் துறையுடையது. வீட்டாரிடம் பேசிக் கேட்டு எழுதுவது வரலாற்றுத் துறைக்காரனான என் வேலை. இந்த ஒரு பெட்டியின் கணக்கை வைத்து, இந்தச் சந்துக்கு வெப்பம் தடுக்கும் கூரைப்பூச்சு தேவையில்லை என்று ஐரோப்பாவிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. இன்று சாயங்காலக் கூட்டத்தில் முடிவாகிவிடும்.

"கூரைக்கு எப்ப பெயிண்ட் அடிப்பீங்க அண்ணாச்சி?" என்கிறார் செல்வி.

வீட்டைச் சுற்றிப் பார்க்கிறேன். வீட்டில் இருப்பது ஒரே மின்விசிறி. அது, மேலே ஈரத்துணி போட்ட பெட்டியைப் பார்த்துச் சுழல்கிறது. எதிர்மூலையில் அவர் கணவர் வெற்றுடம்போடு, வியர்வையில் நனைந்த பாயில் தூங்குகிறார்.

"ஏம்மா, பங்காவை ஏன் அந்தப் பக்கம் வச்சிருக்கே?"

"வெளிநாட்டுச் சாமான்லா? சூட்டுல கெட்டுப்போச்சுன்னா உங்களைத்தானே ஏசுவாங்க. நாங்க எப்படியும் சமாளிச்சுக்கிடுவோம்."

"மாட்டின நாள்லேருந்தேவா?"

"பின்ன? ராத்திரியும் அதுக்குத்தான் காத்து."

விசிறியைத் தூங்குகிறவர் பக்கம் திருப்புகிறேன். பெட்டியில் எண் மெல்ல ஏறத் தொடங்குகிறது. ஒரு கோடையின் எண்களுக்கு எதிராகக் கூட்டத்தில் காட்ட என்னிடம் இருப்பது இந்த ஒரு மத்தியானம்தான்.